லைனுக்கு இருபது நாற்று

ஹாலந்தில் கண்ணாடி வீட்டுத் தக்காளிகளுக்கு நடுவே நின்று, ஜீன்கள் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன, எப்படி மல்லுக்கு நிற்கின்றன என்று பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு கோவைக்குத் திரும்பினேன். மறுவாரமே என்னைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். அங்கே நான் செய்ய வேண்டிய ஆராய்ச்சி, பூவைப் படம் எடுப்பது. கல்யாண வீட்டு போட்டோகிராபருக்காவது லைட் பிடிக்க ஓர் ஆள் கூட வருவான்.

நான் ஒரு விதை நிறுவனத்தில் தக்காளியோடு தக்காளியைக் கலந்து புது ரகம் உண்டாக்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் புது ரகத்தின் விதையைச் சோதித்துப் பார்க்கத் தங்கவயல் குடும்பம் ஒன்றிடம் கொடுத்திருந்தோம். அவர்கள் பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நட்டிருந்தார்கள். நட்டவர்கள் அனுப்பிய படத்தில் ஒரே கொத்தில் கைகொள்ளாத பூ. எங்கள் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, விளம்பர அட்டைக்கு இதுதான் படம், ஆனால் கேமராவில் எடுத்தது வேண்டும் என்றார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இவ்வளவு பூ நல்லதற்கில்லை என்றேன். "மேடத்துக்கு நல்லதைப் பார்த்தாலே சந்தேகம்" என்றார். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரில் தங்கவயல் ரயில் ஏறினேன். உள்ளே கூட்டம் பிதுங்கியது. அதிசயமாக ஒரு ஜன்னலோர இடம் மட்டும் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். கருவறைக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல் பெட்டியே என்னைப் பார்த்தது.

"மேடம், அது பிலோமினா அக்கா சீட்டு" என்றாள் எதிரில் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பெண்.

"முன்பதிவு இல்லாத பெட்டிதானே?"

"ஆமா, முன்பதிவு இல்ல. ஆனா பிலோமினா அக்கா சீட்டு."

பெங்களூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்த ரயிலில் ஆளுக்கோர் இடம் உண்டு. எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அதனால்தான் யாரும் மீறுவதில்லை. ஹாலந்து ரயிலில் ஒரு ஜீவன் என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இங்கே நான் எழுந்து நிற்பதற்குள் சாதி தவிர மற்றதெல்லாம் கேட்டு, கடைசியில் அதையும் சுற்றி வளைத்துக் கேட்டு முடித்துவிட்டார்கள்.

பிலோமினா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை, கையில் கேக் டப்பா. நான் தேடி வந்த குடும்பத்தின் தலைவி அவர்தான் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்தது. போனில் நான் பேசியதெல்லாம் அவர் கணவர் ஞானராஜிடம்.

"நீங்கதான் தக்காளி மேடமா? நல்ல நாள் பாத்து வந்துகீறீங்க. இன்னிக்குத்தான் எனக்கு ரயிலு கடைசி."

பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாராம். இருட்டோடு கிளம்பி இருட்டோடு வீடு சேரும் வாழ்க்கை. இந்தப் பயிரை எடுத்துவிட்டால் அடுத்து ஒரு ஏக்கர், அதற்கடுத்து என்னவோ. இனி ரயில் கிடையாது. அலுவலகத்தில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல மேடம். திங்கக்கெழம காலைல போன்ல சொல்லிக்கலாம். மொதல்ல ரயிலுக்கு சொல்லணும் இல்ல? இருவது வருஷமா இந்த ஜன்னல்ல தலய சாச்சிகினு தூங்கியிருக்கேன்."

ஓடுகிற ரயிலில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு எனக்கு. விதை கொடுத்த மகராசி அல்லவா. பிறகு, என்னை எழுப்பிவிட்ட ஷாலினி என்ற அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து ஜன்னலோரத்தில் உட்காரவைத்தார் பிலோமினா. இரண்டு வருடமாக நின்றுகொண்டே போய் வருகிற பெண்ணாம். பெட்டியே கைதட்டியது. பட்டாபிஷேகம் முடிந்தது. என் பின்னால் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில், "தக்காளியை நம்பி ரயிலை விட்டவளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். எனக்குக் கன்னடம் புரியும் என்று அவருக்குத் தெரியாது. மிச்சக் கேக்கைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நிலையத்தில் ஞானராஜ் தன் ஆட்டோவோடு நின்றார். ஒல்லியான மனிதர். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இவர் சுரங்கம் மூடிய பிறகு எஞ்சியவர். ஆட்டோவுக்கு மேடு ஏறத் தெம்பில்லை. ஆகவே மேடு வரும்போதெல்லாம் பிலோமினா இறங்கி நடந்தார், இறக்கத்தில் ஓடி வந்து ஏறிக்கொண்டார். நானும் இறங்குகிறேன் என்றால் விடவில்லை. விருந்தாளியாம். எங்கள் கோவையில் இப்படி ஓர் ஆட்டோவில் விருந்தாளியை ஏற்றினால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு வரும்.

மைசூர் மைன்ஸ் என்ற பழைய சுரங்கக் குடியிருப்பில் அவர்கள் வீடு. ஞானராஜ் புராட்டஸ்டண்ட், பிலோமினா கத்தோலிக்கர். அது தவக்காலம். அம்மா நாற்பது நாள் கறி தொடமாட்டார். ஐயா, "லெந்துல மனசு சுத்தமா இருந்தா போதும்" என்று கோழி வாங்கி வந்திருந்தார். ஒரே அடுப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் சமைத்தார்கள். தனித்தனியாகப் பேசினால் இருவரும் தங்கம். சேர்ந்து பேச ஆரம்பித்தால் உப்பு யார் போட்டது என்பதே அரை மணி நேரம். எனக்கு முன்னால் இரண்டு மதத்துச் சாப்பாடும் வைக்கப்பட்டது. இரண்டையும் சாப்பிட்டு மத நல்லிணக்கம் காத்தேன். மூன்று தடவை பூவைப் பற்றிப் பேச்செடுத்தேன். மூன்று தடவையும் ரசம் ஊற்றினார்கள்.

சனிக்கிழமை காலை பல் துலக்க வெளியே வந்தவள் பிரஷ் வாயில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன். லைன் என்பது சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்காக ஒரே சுவரில் ஒட்டி வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். அந்த லைனில் வாசலுக்கு வாசல் ஒரு பழைய பெயின்ட் டப்பா. டப்பாவுக்கு டப்பா ஒரு தக்காளிச் செடி. என் தக்காளிச் செடி. எங்கள் நிறுவனம் பூட்டி வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் ரகசிய விதை, பாத்திரம் கழுவிய தண்ணீரில் செழித்துக்கொண்டிருந்தது.

"ஞானராஜ் சார், இது என்னங்க?"

"நீங்க சொன்னதுதான் மேடம். லைனுக்கு இருவது நாத்து. மைசூர் மைன்ஸ் லைனுக்கு இருவது, ஊரிகம் லைனுக்கு இருவது. மிச்சத்த வயல்ல உட்டேன்."

எங்கள் தொழிலில் லைன் என்றால் வம்சம். ஒரே வழியில் பல தலைமுறை தனியாகப் பிரித்து வளர்த்த செடிகள். ஆறு வம்சத்தை ஆறு பொட்டலமாக அனுப்பி, "லைனுக்கு இருபது நாற்றைத் தனியாக வையுங்கள், லைனை மட்டும் கலக்காதீர்கள்" என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தங்கவயல்காரரிடம் போய் லைன் என்று சொன்னேன் பாருங்கள், அந்தப் புத்தியை எதால் அடிப்பது?

"லைனைக் கலக்க வேண்டாம்னு சொன்னேனே?"

"கலக்கவே இல்ல மேடம். ஊரிகம் ஆளுங்க வந்து இன்னும் ரெண்டு குடுன்னு கேட்டாங்க. இந்த லைனு நாத்து அந்த லைனுக்கு போகக்கூடாதுன்னு மேடம் ஸ்டிரிக்டா சொல்லிகீறாங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

"அந்த ஆறு பொட்டலம்?"

"அத்தையெல்லாம் ஒண்ணா கொட்டி ஒரே பாத்தியில நாத்து உட்டேன். ஒரே கம்பெனி விதைதானே?"

இத்தனை ஒழுங்காக ஒரு சோதனையை யாரும் கெடுத்ததில்லை. கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, வாயில் இருந்த பேஸ்டைத் துப்புவதோடு நிறுத்திக்கொண்டேன்.

பேத்தமங்களாவுக்குப் போகும் வழியில் ஆட்டோ இரண்டு தடவை நின்றது. ஒரு தடவை ஆடுகளுக்காக, ஒரு தடவை சொந்த விருப்பத்தில். அது நின்ற நேரத்தில், இவ்வளவு பூ ஏன் நல்லதற்கில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

தக்காளிக் காம்பின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு கணு உண்டு. பழுத்தால் அந்த இடத்தில் முறியும். காட்டுச் செடிக்கு அது நல்லது, பழம் விழுந்தால்தான் விதை பரவும். விவசாயிக்குத் தொல்லை. பறிக்கும்போது பாதிக் காம்பு பழத்தோடு வந்து, கிரேட் பெட்டியில் பக்கத்துப் பழத்தைக் குத்தி ஓட்டை போடும். எங்கோ கடல் நடுத் தீவில் வளரும் காட்டுத் தக்காளி ஒன்றில் கணுவே இல்லாத காம்பு கிடைத்தது. அது ஒரு நல்லது. தக்காளியை மனிதன் தோட்டத்துக்குக் கொண்டுவந்த காலத்தில், பழத்தின் தலையில் இருக்கும் பச்சைக் கிரீடம் பெரிதாகிற மாற்றம் ஒன்று வந்தது. பார்வைக்கும் லட்சணம், சந்தையிலும் மதிப்பு. அது இன்னொரு நல்லது. இரண்டையும் ஒரே செடியில் வைத்தால் இரட்டை நல்லது என்பது எங்கள் மேலாளர் போட்ட கணக்கு.

செடிக்குக் கூட்டல் தெரியாது. அந்த இரண்டு ஜீன்களும் அக்கா தங்கை மாதிரி. பூங்கொத்து கிளைவிட்டுக்கொண்டே போகும்போது, "போதும், இனிப் பூத்துக் காய்" என்று சொல்கிற வேலை இருவருக்கும் பொது. கணு வேண்டாம் என்றால் அக்காளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பெரிய கிரீடம் வேண்டும் என்றால் தங்கையை அனுப்ப வேண்டும். ஒருத்தி போனால் மற்றவள் சமாளித்துவிடுவாள். இருவரையும் அனுப்பிவிட்டால் போதும் என்று சொல்ல நாதியில்லை. கொத்து கிளைக்கும், கிளை மேலும் கிளைக்கும், பூ பொங்கும். காய் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும்.

பரிணாமம் ஒரு ஜீனைத் தனியாக நிறுத்திப் பரீட்சை வைப்பதில்லை. யாரோடு கூட்டு என்று பார்த்துத்தான் மதிப்பெண் போடும். ஒரு வம்சத்தில் அருமையாக இருந்த ஜீன் அடுத்த வம்சத்தில் கால் வைத்ததும் குடியைக் கெடுக்கும். உயரம், விளைச்சல், நோய் தாங்குவது எல்லாமே இப்படிப் பலர் கூடி இழுக்கும் தேர்தான். இதற்கும் ஒரு மாற்று உண்டு. மூன்றாவதாக ஒரு ஜீன் ஒன்றுக்கு இரண்டாக இருந்துவிட்டால், போன அக்கா தங்கையின் வேலையை ஓரளவு அது பார்த்துக்கொள்ளும். பழைய தக்காளிக்காரர்கள் ஜீன் என்றால் என்னவென்று தெரியாமலே அதைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். என் ஆறு வம்சத்தில் ஒன்றில் மட்டும், மேலாளருக்குத் தெரியாமல், அந்த மூன்றாவதையும் சேர்த்து வைத்திருந்தேன். அதை நம்பித்தான் நான் கிளம்பியதே.

வயலைப் பார்த்தேன். பூவென்றால் அப்படி ஒரு பூ. கொத்து ஒவ்வொன்றும் துடைப்பம் அளவுக்கு விரிந்து, அரை ஏக்கரும் மஞ்சள் குளித்து நின்றது. விளம்பரக்காரன் பார்த்தால் விழுந்து கும்பிடுவான். நான் குனிந்து காயைத் தேடினேன். பிறகு, பூ குறைவாக உள்ள செடியைத் தேடினேன். ஆறில் ஒன்று அப்படி இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. வரிசையில் நடுநடுவே பல் விழுந்த மாதிரி இடைவெளிதான் இருந்தது.

"இங்கெல்லாம் செடி என்னாச்சுங்க?"

"அதுங்களா மேடம்?" என்றார் பிலோமினா. "பூவே உடாம சோம்பேறிங்க மாதிரி நின்னுகினு இருந்துச்சுங்க. தண்ணிக்கு தண்டம். நானே ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பொறுக்கிப் புடுங்கிட்டேன். இப்ப பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு."

மனிதன் பத்தாயிரம் வருடமாகப் பயிர்களுக்குச் செய்துவருவது இதைத்தான், கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்குவது. நான் என்ன சொல்லிவிட முடியும்?

சொல்லத்தான் வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் வரப்பில் ஒரு கல்லைக் காட்டினார். இனிமேல் காலையில் அங்கே உட்கார்ந்து நிதானமாகக் காபி குடிக்கப் போகிறாராம். "ரயிலு கெளம்புற நேரத்துக்கு இங்க குந்திகினு, போ நீ, நான் வரலன்னு சொல்லணும் மேடம். அது போதும் எனக்கு." அப்போது பார்த்து ஞானராஜ் பாத்திரத்தைத் திறந்து ராகி முத்தே எனும் களி உருண்டையும் கீரைச் சாறும் எடுத்து வைத்தார். கோவைக்காரி நான் களியை மென்று தின்றேன். பக்கத்து வயல்காரர் கன்னடத்தில் சிரித்துக்கொண்டே, "மெல்லக் கூடாது அம்மா, விழுங்கணும்" என்றார். விழுங்கினேன். சொல்ல வந்ததும் கூடவே உள்ளே போய்விட்டது. என்னை நினைத்து எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினாவின் மாதா கோயில், ஞானராஜின் சர்ச் இரண்டுக்கும் கூட்டிப் போனார்கள். எங்கே என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள், இரண்டு இடத்திலும் தக்காளிதான். மைசூர் மைன்ஸ் லைனில் பூ குறைந்த டப்பா ஒன்றும் கிடைக்காததால், பூசை முடிந்து பிலோமினா தோழிகளிடம் பேசிக்கொண்டிருக்க, ஊரிகம் லைனையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று ஞானராஜோடு கிளம்பினேன். அங்கேயும் வாசலெல்லாம் பூ, நடுநடுவே செடியைப் பிடுங்கிவிட்ட காலி டப்பா. நம்பிக்கை இல்லாமல்தான் நடந்தேன். கடைசி வீட்டு வாசலில் ஒரு பெரியவர் எங்களுக்காகவே காத்திருந்தவர்போல் எழுந்து வந்தார். சுரங்க பென்ஷன்காரர் முனுசாமி.

"இன்னா ஞானராஜு, நீ பண்ணது நாயமா? லைன்ல எல்லார் வூட்லயும் பூ கொட்டுது. எனக்கு மட்டும் மட்ட நாத்து குடுத்துட்ட. என் டப்பாவ பாரு. ஏதோ கொஞ்சம் பூ உட்டான், நின்னுட்டான். எதிர்வூட்டுக்காரி தெனம் கேக்கறா, இன்னா அண்ணா உன் செடி நோன்பு கீதான்னு."

டப்பாவைப் பார்த்தேன். இலையை விலக்கினேன். கொத்துக்கு ஆறு ஏழு காய். கணு இல்லாத வழவழப்பான காம்பு. பெரிய பச்சைக் கிரீடம். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை, ஞானராஜும் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க ஐயா, இதையும் பிடுங்காம விட்டீங்களே?"

"குனிய முடியல மேடம். முட்டி வலி."

ஒரு ரகத்தின் எதிர்காலம் ஒரு பெரியவரின் முட்டி வலியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை ஹாலந்தில் போய்ச் சொன்னால் அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்வார்கள். "காய் இருக்கு பாருங்க" என்றேன்.

"காய் இன்னா மேடம், மார்க்கெட்ல கொட்டிக் கெடக்குது. லைன்ல பேச்சு பூவுக்குத்தான்."

பேரம் பேசினார். இந்த டப்பாவுக்குப் பதில், பூ நிறைந்த டப்பா இரண்டு வேண்டும். அதில் காய் வராது என்று எச்சரித்தேன். பரவாயில்லை என்றார். ஞானராஜ் எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கெஞ்சி இரண்டு டப்பா வாங்கிக் கொடுத்தார். முனுசாமி அவற்றை எதிர்வீட்டுக்காரி கண்ணில் படும்படி வைத்துவிட்டு, முதல் தடவையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஞானராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தங்கை கதை, மூன்றாவது ஆள், வயலில் காய் வராது என்பது வரை. ஆட்டோவை ஓரமாக நிறுத்தினார். தூரத்தில் சுரங்கத்து மண்மேட்டிலிருந்து காற்று வெள்ளைத் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

"அப்போ மூணாவது ஆளு ரிலீவரு" என்றார். "ஷாஃப்ட்ல ஆளுங்கள எறக்குற கேஜுக்கு மணி அடிக்கிறவன் ஷிப்டு முடிஞ்சாலும் அடுத்த ஷிப்டு ரிலீவர் வர்ற வரைக்கும் எடத்த உட்டு நகரக்கூடாது. நவுந்தான்னா கேஜு எங்க நிக்கும்னு யாருக்கும் தெரியாது. எங்கப்பா சொல்லுவாரு."

ஜீன் மணி அடிப்பதில்லை என்று திருத்த வாயெடுத்தேன். கைவசம் வேறு உவமை இல்லாததால் விட்டுவிட்டேன்.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன் மேடம்" என்றார். "நீங்களே சொல்லுங்க. நாத்த கலந்தவன் நான்."

சொன்னேன். பிலோமினா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை நிற்கவில்லை. ஞானராஜ் நடுவில் ரிலீவர் கதையைச் சேர்த்தார்.

"அப்போ அந்தப் பூ?"

"பூதாங்க."

"நான் புடுங்கிப் போட்டது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல பொய்யாகத்தான் இருந்திருக்கும். "அதுதான் காய்ச்சிருக்கும்" என்றேன்.

கை நின்றது. உள்ளங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு கணவரைப் பார்த்து, "எவனாவது ஆறு பாக்கெட்ட ஒண்ணா கொட்டுவானா?" என்றார். "எவளாவது செடிய கேக்காம புடுங்குவாளா?" என்றார் அவர். லைன் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தது. நான் நடுவில் புகுந்து, இரண்டு பேர் தப்பும் இல்லை, இரண்டு நல்லதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும் விதையை விற்க நினைத்தது எங்கள் கம்பெனி, அதில் சம்பளம் வாங்குகிறவள் நான் என்றேன். இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முனுசாமி செடியின் பக்கக் கிளைகளை ஒடித்துத் தண்ணீரில் போட்டேன். தக்காளிக் கிளை தண்ணீரிலேயே வேர் விடும். தாய்ச்செடி இங்கே இருக்கட்டும், பழுத்தால் விதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கம்பெனிச் சட்டப்படி நான் அப்படிச் சொல்லக் கூடாது. லைன் முழுக்க ரகசியம் பூத்துக் கிடக்கும்போது சட்டம் எதற்கு?

"இந்தப் பயிரு போச்சு. அடுத்த பயிருக்கு ஆவுமா?" என்று கேட்டார் பிலோமினா.

"ஆகும். ஆனா ஒரு செடியிலிருந்துதான் ஆரம்பிக்கணும். நாளாகும்."

தலையாட்டினார். உள்ளே போய், பரண்மேல் ஏற்றி வைத்துவிட்ட டிபன் பாக்ஸை இறக்கி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் மேலாளருக்கு முனுசாமி செடியின் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "பூ எங்கே?"

திங்கட்கிழமை விடிவதற்கு முன் நானும் பிலோமினாவும் ரயிலடிக்கு வந்தோம். என் கையில் பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில், அதில் இரண்டு கிளை. பிலோமினா தோளில் அதே சாப்பாட்டுப் பை. பெட்டிக்குள் ஏறியதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷாலினி ஜன்னலோரத்திலிருந்து துள்ளி எழுந்தாள்.

"அக்கா, உக்காருங்க."

"நீ உக்காரு. குடுத்தது குடுத்ததுதான்."

"இன்னா ஆச்சுக்கா?"

"ரிலீவர் வரல" என்றார் பிலோமினா.

தங்கவயல் பெட்டி அது. ரிலீவர் வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கன்னடத்தில் ஆரூடம் சொன்ன அம்மாள்கூட வெளியே பார்த்துக்கொண்டார். ஷாலினிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் நெளிந்தவள், கடைசியில் என் பக்கம் கையை நீட்டி, "அத்தயாவது குடுங்க மேடம்" என்று பாட்டிலை வாங்கி, விடிந்ததும் வெளிச்சம் படும்படி ஜன்னலோரம் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

பங்காரப்பேட்டை தாண்டியதும் பிலோமினாவுக்குக் கண் சொருகியது. இருபது வருடப் பழக்கம். சாய ஜன்னல் இல்லாததால், கம்பியைப் பிடித்தபடியே பக்கத்தில் நின்ற என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். பெங்களூர் வரும்வரை நான் அசையவில்லை.